மேல்மண்

ஜேசிபி வியாழக்கிழமை வருகிறது என்ற சேதியை மாயவன்தான் கொண்டுவந்தான். டீக்கடையில் அன்பழகனின் டிராக்டர் டிரைவர் சொன்னானாம். புதன்கிழமை சென்னையிலிருந்து தொல்லியல் துறைப் பெரிய அதிகாரி வந்து குழிகளைப் பார்த்துவிட்டுப் போவார். மறுநாள் ஜேசிபி வந்து வீராயி காட்டுக் குழியைத் தள்ளி மூடிவிடும். அத்தோடு இந்த வருசத்து அகழாய்வு முடிந்தது.

குழியில் கூலிக்கு மண் சுமந்துகொண்டிருந்த வீராயி, தலையில் மண் நிறைந்த சட்டியோடு நின்றாள். சட்டியை இறக்கவில்லை.

"என் காட்ட மட்டும்தானா? அன்பழகன் காட்டுக் குழி?"

"அத ஆளு விட்டுத்தான் மூடுவாங்களாம் அண்ணி. கருமண்ண தனியா குமிச்சு வச்சிருக்குல்ல, அத மேல பரப்பி டிராக்டர் விட்டு ஓட்டியும் குடுத்துடுவாங்களாம்."

"அப்பறம் எனக்கு என்னாத்துக்கு ஜேசிபி?"

மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டான். அவன் வீராயிக்குக் கொழுந்தன். அண்ணன் செத்த பிறகு அவளுக்கு எது ஒன்று என்றாலும் அவன்தான் முன்னால் வந்து நிற்பான், ஆனால் ரெண்டாவது வார்த்தை பேசத் தெரியாது.

ஈச்சங்குறிச்சிக்குக் கிழக்கே, செந்துறை போகிற ரோட்டை ஒட்டி ஒரு மேடு. மேட்டின் பாதி அன்பழகனின் காட்டில் கிடக்கிறது, மீதி காலனிக்காரர்களின் காட்டில். காலனிப் பக்கத்தில் விழுந்த பாதி, வீராயியின் முக்கால் ஏக்கராவுக்குள் வருகிறது. அந்த மண்ணில் முழங்கை ஆழத்துக்குக் கருமண். பருத்தி போட்டாலும் வரும், மக்காச்சோளம் போட்டாலும் வரும். அதற்குக் கீழே சுக்கான். வெள்ளையாக, சுண்ணாம்பு கலந்து, ஒரு மழை பெய்து காய்ந்தால் நெல்லடிக்கிற களத்துத் தரை மாதிரி இறுகிவிடும். அதில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். அரியலூர்ப் பக்கம் அந்தச் சுண்ணாம்பைத்தான் ராவும் பகலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சிமெண்ட் ஆலைக்காரனுக்கு அது சோறு. மானாவாரிக்காரனுக்கு அது மேலே வந்தால் காடு போச்சு.

வீராயி பத்து வருசம் கரும்பு வெட்டப் போனவள். கை முழுக்கக் கரும்புத் தோகை கிழித்த தழும்பு. இந்தக் காட்டில் ரெண்டு போகம் மக்காச்சோளம் ஒழுங்காக வந்த பிறகுதான் வெட்டுக்குப் போவதை நிறுத்தினாள். புரட்டாசி பிறந்துவிட்டது. விதை வாங்கி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறாள். குழியை ஒழுங்காக மூடிக் கொடுத்தால் இந்த மழைக்கே விதைக்கலாம். சுக்கான் மேலே வந்துவிட்டால் மறுபடி அரிவாளைத் தீட்ட வேண்டியதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் காட்டு மண்குவியலைச் சுற்றி நடந்தாள். வாய்க்கால் ஓரமாக, ஆள் உயரத்துக்கும் மேலே, வெள்ளையாகக் கிடந்தது குவியல். அடியில் மட்டும் ஒரு கருப்பு விளிம்பு தெரிந்தது.

ஜெயசுதா தூக்குவாளியோடு பின்னாலேயே வந்தாள். காலனியில் அடுத்த தெரு. சித்தாள் வேலைக்குப் போய்ப் போய் எல்லா மேஸ்திரியோடும் சண்டை போட்டு முடித்தவள்.

"ஏன்க்கா, இது ஒன் காடுதானே. மண்ண தனியா கொட்டுங்கடின்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீயும்தானடி சட்டி தூக்குன."

"காட்டுக்காரியே வாயத் தொறக்காம கொட்டுறா, நமக்கென்னன்னு நானும் கொட்டுனேன்."

அதுதான் நடந்தது. முதலில் தோண்டியது அன்பழகன் காட்டில். அவன் பைக்கை வரப்பில் நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, கருமண் கிழக்கே, சுக்கான் மேற்கே என்று கை நீட்டிக்கொண்டே இருந்தான். வீராயிதான் அந்தக் கருமண்ணைச் சுமந்து கிழக்கே கொட்டினாள். கலந்துவிடாமல் பார்த்துக் கொட்டினாள். அப்புறம் அவள் காட்டில் குழி போட்டார்கள். அதே சட்டி, அதே சும்மாடு. சூப்பர்வைசர் பையன் ஒருத்தன் வாய்க்கால் ஓரத்தைக் காட்டி "அங்க கொட்டுங்க" என்றான். எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினாள். கருமண் முதலில் போனது, அதன் தலையில் சுக்கான் போனது. அன்றைக்கு அவள் கூலிக்காரி. காட்டுக்காரி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

"அடியில கருமண்ணு அப்படியேதான் கெடக்குடி," என்றாள் வீராயி. "மேலேர்ந்து சட்டியில அள்ளி அள்ளிப் போட்டா சுக்கான் மொதல்ல குழிக்குள்ள போயிடும். கருமண்ணு கடைசியில வந்து மேல நிக்கும். ஜேசிபி பக்கத்துலேர்ந்து தோண்டித் தள்ளும். தயிர்சாதமா கெளறி வச்சிட்டுப் போயிடுவான்."

"போய்க் கேளு."

"நீயும் வா."

"நான் வந்தா சண்டையாப் போவும்."

"அதுக்குத்தான் கூப்புடுறேன்."

பந்தலில் சுரேஷ்குமார் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தோண்டலுக்கு அவர்தான் பொறுப்பு. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கூலியாட்களைக்கூட "ங்க" போட்டுத்தான் கூப்பிடுவார். பக்கத்தில் சத்யா ஸ்கேல் வைத்துக் குழியின் சுவரைக் கட்டத் தாளில் வரைந்துகொண்டிருந்தாள். குன்னத்துப் பக்கத்துப் பெண், அப்பா அம்மா வெங்காயம் பிடுங்கிப் படிக்க வைத்தது. அவளுக்கும் தற்காலிக வேலைதான். வருசா வருசம் கூப்பிட்டால்தான் உண்டு.

வீராயி சொன்னதைச் சுரேஷ்குமார் முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஆளு வேலைக்கு உத்தரவு புதன்கிழமையோட முடியுது."

"அவங்க காட்டுக்கு மட்டும் எப்படிங்க சார் முடியாம இருக்கு?"

"அவரு குழி போடறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிட்டாரும்மா. பழையபடி மூடித் தரணும்னு."

"எங்கிட்ட எழுதிக் குடுக்கறேன்னு நீங்க சொல்லலியே."

"நீங்க கேக்கலியேம்மா. எங்க ஆளுங்களுக்கு வேலை குடுங்கன்னு கேட்டீங்க. குடுத்தோம்ல."

அது உண்மை. காலனியில் அன்றைக்கு வேலையில்லாமல் கிடந்தார்கள். தோண்டல் தொடங்குவதற்கு முன்னால் வந்து, குழி போட்டுக்கட்டுமா என்று கேட்டதும் அவள் கேட்டது அது ஒன்றுதான். வீராயிக்கு முகம் சுண்டிவிட்டது.

"மண்ணு மண்ணுதாம்மா," என்றார் அவர். "நாலு மழை பேஞ்சா எல்லாம் சரியாயிடும்."

ஜெயசுதா அதுவரைக்கும் சும்மா நின்றதே அதிகம். "பானை ஓட்டுத் துண்டு ஒவ்வொன்னையும் இது மேல்மட்டம், இது கீழ்மட்டம்னு தனித்தனிப் பையில போட்டுக் கட்டுறீங்களே சார். அதும் ஓடு ஓடுதானே. ஒரே மூட்டையா கட்டிட வேண்டியதுதானே?"

சுரேஷ்குமார் சிரித்தார். நிஜமாகவே அது அவருக்குப் பிடித்திருந்தது. "நல்லா பேசுறீங்க," என்றார். பிறகு போன் வந்தது, எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜேசிபி வருவது வருவதாகவே இருந்தது.

சத்யா தலை நிமிரவில்லை. பென்சில் மட்டும் ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்ப ஓடியது.

அன்றைக்கும் மறுநாளும் வீராயிக்கு வேலையில் கை ஓடவில்லை. சட்டியைத் தூக்குவாள், பாதி வழியில் குவியலைப் பார்ப்பாள், மேற்கே மேகத்தைப் பார்ப்பாள். அவள் காட்டுக் குழிக்குள் காலனி ஆட்கள்தான் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழியின் மூலையில் ஓர் உறைகிணறு வந்திருந்தது. சுட்ட மண் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, உடையாமல். இந்த மேட்டில் கிடைத்ததிலேயே பெரிய சாமான் அதுதான். பேப்பரில் போட்டோ வந்தது. "அன்பழகன் என்பவரது நிலத்தில்" என்று போட்டிருந்தான். அன்பழகன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். தப்பாகப் போட்டிருக்கிறான் என்று அவனும் சொல்லவில்லை, பந்தலிலும் சொல்லவில்லை.

ஊர்த்தெரு ஆட்கள் அந்தக் கிணற்றை மேலே நின்று பார்த்ததோடு சரி. வீராயி காட்டுக் குழிக்குள் ஒருத்தரும் கால் வைத்ததில்லை. ஆரம்பத்தில் சுரேஷ்குமார் ரெண்டு தெரு ஆட்களையும் கலந்துதான் பிரித்துவிட்டார். ஊர்த்தெருப் பெண்களில் ஒருத்திக்கு அன்றைக்கே வயிற்று வலி. ஒருத்திக்கு வெயில் ஆகாது. ஓர் ஆளுக்குக் காலனிப் பக்கத்துப் புதரில் பாம்பு தெரிந்தது. காலனிக்காரி காட்டில் கூலிக்கு இறங்கினான் என்று பேர் வரும், அதுதான் விஷயம். யாரும் அதை வாயால் சொல்லவில்லை. சுரேஷ்குமாரும் கேட்கவில்லை. ஊர்த்தெரு ஆட்கள் அன்பழகன் காட்டோடு நிற்கட்டும், காலனி ஆட்கள் ரெண்டு காட்டிலும் வேலை செய்யட்டும் என்று முறை மாறிப்போனது. உள்ளூர் விவகாரம், நமக்கு வேலை நடந்தால் சரி என்று அவர் சத்யாவிடம் சொன்னது காலனிக்கும் எட்டியது.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் காலனிக் குழாயடியில் வீராயி அதைத்தான் பிடித்தாள்.

"நாளைக்குக் குழிய தொடைச்சு மொழுகி வச்சாத்தான் பெரியவருக்குக் கிணறு காட்ட முடியும். நாம எறங்கலைன்னா எவன் எறங்குவான்?"

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை.

"அண்ணி, யோசிச்சுக்க," என்றான் மாயவன். "அடுத்த வருசமும் இங்கதான் தோண்டுவாங்களாம். நம்ம தெருவுல ஒரு ஆளக் கூப்புட மாட்டானுங்க."

"அடுத்த வருசம் நீ வேற வேலைக்குப் போயிடுவ. நான் என்னத்த திங்கிறது, சுக்கானையா?"

"ஒன் ஒருத்தி காட்டுக்காக தெருவே வேலைய விடணுமா?" இது ஜெயசுதா. கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு ரெண்டு பிள்ளைகள், சித்தாள் வேலை வாரத்துக்கு ரெண்டு நாள் கிடைத்தால் பெரிசு.

வீராயி அவளையே பார்த்தாள். "விட வேணாம். நான் மட்டும் எறங்கல. நீங்க எறங்கறதுன்னா எறங்குங்க." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை காலையில் எல்லாரும்தான் வந்தார்கள். வந்து, வீராயி காட்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜெயசுதாவும் உட்கார்ந்தாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. மாயவன் வரப்பு வரைக்கும் வந்தான், நின்றான், பிறகு குனிந்த தலையோடு அன்பழகன் காட்டுக்கு நடந்தான்.

"போறான் பாரு," என்றாள் ஒருத்தி.

"போவட்டும் விடு," என்றாள் வீராயி. "அவனுக்கும் வயிறு இருக்கு."

சுரேஷ்குமார் வந்து பார்த்தார். விசயத்தைக் கேட்டார். மணியைப் பார்த்தார். நேராக அன்பழகன் காட்டுக்குப் போய் ஊர்த்தெரு ஆட்களில் ஆறு பேரை வரச்சொன்னார். ஆறு பேரும் ஆறு பக்கம் பார்த்தார்கள்.

"இடுப்புப் புடிச்சிருக்கு சார்," என்றான் ஒருத்தன்.

"பாம்பு கெடக்குங்க அங்க," என்றான் இன்னொருத்தன்.

வரப்பிலிருந்து ஜெயசுதா குரல் கொடுத்தாள். "ஆமா சார். நாங்க இத்தன நாளா அதுகூடதான் குந்தி பிரஷ் போட்டோம். ரொம்ப நல்ல பாம்பு. ஆளப் பாத்துக் கடிக்கும்."

காலனிப் பெண்கள் சிரித்தார்கள். ஊர்த்தெரு ஆட்கள் முகம் கறுத்தது. அன்பழகன் பைக்கிலிருந்து இறங்கி வந்தான். வீராயியைவிட பத்து வயசு சின்னவன்.

"ஏ வீராயி, ஒனக்கு என்ன வேணும் இப்ப? நல்ல நாளும் அதுவுமா."

"ஒங்க காட்ட எப்படி மூடுறாங்களோ அப்படி மூடணுங்க."

"அது நான் பேசி வாங்குனது."

"நானும் அதைத்தாங்க பேசுறேன்."

"பேசுற நேரமா இது? வர்றவருகிட்ட ஊரு மானம் போவும்."

அவள் வரப்பிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். சுரேஷ்குமார் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தானே குழிக்குள் இறங்கினார். சத்யாவும் பிரஷோடு இறங்கினாள். ரெண்டு பேரும் கிணற்று வளையத்தைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தார்கள். அவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது. மேலே பார்த்துச் சொன்னார்:

"வீராயிம்மா, எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க. ஜேசிபிகாரன்கிட்ட மெதுவா, கருமண்ணு மேல வர்ற மாதிரி மூடச் சொல்றேன். நான் சொல்றேன், நம்புங்க."

"ஜேசிபிக்குக் கருமண்ணு எது சுக்கான் எதுன்னு தெரியுமா சார்?"

"நான் நின்னு பாத்துக்கறேன்."

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க. பெரியவரோடவே திருச்சிக்குப் போறீங்கன்னு டிரைவர் சொன்னாரு."

சுரேஷ்குமாரின் பிரஷ் நின்றது.

வீராயி எழுந்தாள். பக்கத்தில் கிடந்த சட்டியையும் மண்வெட்டியையும் எடுத்தாள். குவியலின் மேல் ஏறினாள், உச்சியில் வெட்டி, சட்டி நிறைய வெள்ளை மண்ணை அள்ளி, இறங்கி வந்து குழியின் விளிம்பில் நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"மூடுறேன் சார். மேல வந்துடுங்க."

"போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்புடுங்க. எங் காட்டுல எம் மண்ண அள்ளி எங் குழியில போடுறேன்னு அவங்ககிட்டயும் சொல்றேன்."

"இது இன்னும் எங்க பொறுப்புலதாம்மா இருக்கு."

"பேப்பர்ல அன்பழகன் காடுன்னு போட்டப்ப பொறுப்பு எங்க போச்சு?"

சத்யா சட்டென்று மேலே ஏறினாள். "அக்கா, கொஞ்சம் பொறுங்க, கிணத்து மேல மட்டும் அப்படியே போட்டுடாதீங்க," என்று சொல்லிக்கொண்டே பந்தலுக்கு ஓடினாள். சுருட்டிக் கிடந்த நீலத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தாள். சுரேஷ்குமார் "சத்யா" என்றார். ஒரு தரம்தான் சொன்னார். அவள் மறுபடி குழிக்குள் இறங்கி, கிணற்று வளையத்தைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல் வைத்தாள். "படம் வரைஞ்சாச்சு சார். போட்டோவும் எடுத்தாச்சு," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வீராயி காத்திருந்தாள், தலையில் சட்டியோடு. சுரேஷ்குமாரும் சத்யாவும் மேலே ஏறி வந்ததும் கொட்டினாள். அது குழியில் விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் குழிக்கு ஒரு சட்டி மண் என்ன செய்யும். அவள் மறுபடி குவியலுக்குப் போனாள்.

ரெண்டாவது சட்டிக்கு அவள் இறங்கும்போது ஜெயசுதா மேலே ஏறிக்கொண்டிருந்தாள். "அடுத்த வருசம் எம் புள்ளைங்களுக்கு நீதான் சோறு போடணும், பாத்துக்க," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். கொஞ்ச நேரத்தில் வரப்பு காலியானது. ஆம்பிளைகள் உச்சியில் நின்று வெட்டிக் கொடுத்தார்கள், பெண்கள் சட்டி மாற்றினார்கள். பக்கவாட்டில் எவனாவது வெட்டினால் வீராயி கத்தினாள். "மேல வெட்டு, மேல வெட்டு. அடியத் தொடாத."

பெரிய அதிகாரியின் கார் ரெண்டு வண்டிகளோடு வந்தது. அன்பழகன் சால்வை போட்டான், இளநீர் வெட்டிக் கொடுத்தான். அவன் காட்டுச் செங்கல் சுவரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். அதிகாரி இந்தப் பக்கம் திரும்பி, வரிசையாகச் சட்டி போவதைக் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

"அங்க என்ன நடக்குது?"

"மழைக்கு முன்னாடி மூடிடலாம்னு சார்," என்றார் சுரேஷ்குமார். "பதிவு வேலையெல்லாம் முடிஞ்சுடுச்சு. கிணத்து மேல தார்ப்பாய் போட்டுப் பாதுகாப்பா மூடுறோம்."

"குட். ஆளுங்கள வச்சே மூடுறீங்க. அதான் சரி."

அன்பழகன் இளநீர் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

கார் போனதும் சுரேஷ்குமார் வரப்புக்கு வந்தார். இப்போது "ங்க" இல்லை. "இன்னைக்கு வேலைக்கு வந்ததா யார் பேரும் ஏறாது. அடுத்த சீசனுக்கு இந்தத் தெருவுல ஆள் எடுக்கறதா இல்ல. தெரிஞ்சுக்க," என்றார். ஒருவரும் நின்று கேட்கவில்லை. சட்டி போய்க்கொண்டே இருந்தது. அவர் யாரிடம் சொன்னோம் என்பதே தெரியாமல், மிச்சம் நின்ற வண்டியில் ஏறித் திருச்சிக்குக் கிளம்பினார்.

மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும், மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும். ஜெயசுதா சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தாள், பேசவில்லை. மாயவன் அன்பழகன் காட்டில், ஏற்கனவே சுக்கான் போட்டு மூடியிருந்த குழி ஒன்றின் மேல் கருமண்ணைப் பரப்பிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் பரப்புகிற மண் சீராக, கருப்பாக, நூல் பிடித்த மாதிரி கிடந்தது.

பொழுது சாய்கிறபோது சுக்கான் தீர்ந்தது. குழி வரப்பு மட்டத்துக்கு முழங்கை அளவு கீழே நின்றது. குவியல் இருந்த இடத்தில் கருமண் தரையோடு தரையாக, மிதிபட்டு, பரந்து கிடந்தது. இனிமேல் மண்வெட்டியை ஆழமாகப் போட முடியாது. கீழே இருப்பது வாய்க்கால் மண். மேலாகச் சுரண்டிச் சுரண்டித்தான் அள்ள வேண்டும். ஐந்து பேர் மிச்சம் இருந்தார்கள். மேற்கே செட்டிகுளம் பக்கம் மின்னியது. காலையில் ஜேசிபி வந்தால் பாதி வேலை கிடக்கிறது என்று அது ஒரு தள்ளுத் தள்ளும். வாய்க்கால் மண்ணும் சேர்ந்து போகும்.

சத்யா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பியவள். குழியின் நீளத்தையும் அகலத்தையும் பார்த்தாள்.

"சாரு என்னையும் நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டாரு அக்கா," என்றாள்.

வீராயி நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழைக்காற்று முகத்தில் அடித்தது, குளிராக, மண் வாசனையோடு.

"குன்னத்துக்குக் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கும்மா?"

"இருக்குக்கா. இன்னும் நேரம் இருக்கு."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு தாயீ. காலுக்குக் கீழ கருமண்ணு."

சத்யா தள்ளி நின்றாள். அவள் நின்ற இடத்தை வீராயி மண்வெட்டியின் ஓரத்தால் மெல்லச் சுரண்டி, சட்டியில் வழித்துப் போட்டாள்.